தண்ணீரைப் பார்த்து ஹீட்டர் வாங்குங்கள்

காரைக்குடிக்கு அருகேயுள்ள பள்ளத்தூர் வீட்டிலிருந்து ஆத்தா ஒருநாள் தொலைபேசியில், "ஹீட்டருக்குள்ள சோளம் பொரியற மாதிரி சத்தம் கேக்குதப்பா, பயமா இருக்கு" என்றார். வாங்கி மூன்று ஆண்டு நிறையாத ஹீட்டர் அது. அடுத்த வாரம் நான் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பொரியும் சத்தம் நின்றுவிட்டது. தண்ணீர் சுடுவதும் நின்றுவிட்டது. எலெக்ட்ரீஷியன் வந்து மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, அடிமூடியின் நட்டுகளைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே இழுத்தார். சுண்டுவிரல் பருமனில் இருக்க வேண்டிய உலோகக் குழல், பழுப்பு வெள்ளையாகக் கூடு கட்டி, பெருவிரலைவிடப் பருத்துக் கிடந்தது. ஸ்க்ரூடிரைவரால் தட்டியதும் ஓடு ஓடாக உதிர்ந்தது. அடுப்படியிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்துவந்து, உதிர்ந்த துண்டின்மேல் இரண்டு சொட்டுப் பிழிந்தேன், சுர்ரென்று நுரைத்தது. சுண்ணாம்பு. எங்கள் ஊர்ப் பழைய வீட்டுச் சுவர்களைக் கண்ணாடிபோல் மின்ன வைக்கும் அதே பொருள்தான் காயிலைச் சுற்றிப் படிந்து அதன் மூச்சை அடைத்திருந்தது.

அந்த ஹீட்டர் மட்டமான சரக்கு அன்று. சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவரின் வீட்டில் அதே மாதிரி ஹீட்டர் ஒன்பது ஆண்டுகளாகக் குறையின்றி ஓடுகிறது என்று கேட்டறிந்துதான் நான் அதை வாங்கினேன். நான் கேட்கத் தவறியது, அந்த வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதைத்தான். ஹீட்டர் நம்பகமானதா என்ற கேள்விக்குப் பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரைப் பார்த்து மட்டும் விடை சொல்லிவிட முடியாது; உங்கள் தண்ணீர், உங்கள் வயரிங், நீங்கள் குளிக்கும் முறை ஆகிய மூன்றோடும் அது பொருந்துகிறதா என்று பார்த்தே சொல்ல முடியும். முதல்முறையாக ஹீட்டர் வாங்கப்போகிறவர்களுக்காக அந்தப் பொருத்தத்தை எப்படிப் பார்ப்பது என்று இங்கே விளக்குகிறேன்.

முதலில், கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். மின்சார ஹீட்டர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, 10, 15, 25 லிட்டர் என்ற அளவில் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் டேங்க் வகை. மற்றொன்று, ஒன்று அல்லது மூன்று லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு கலத்தின் வழியே தண்ணீர் ஓடும்போதே சூடேற்றும் இன்ஸ்டன்ட் வகை. முன்னது பழைய வீடுகளின் பின்கட்டில் விறகடுப்பின்மேல் இருந்த வெந்நீர்க் கிடாரத்தைப் போன்றது. காத்திருந்து காய்ச்சி, பிறகு மொண்டு குளிக்க வேண்டும். பின்னதில் காத்திருக்கும் நேரம் குறைவு, ஆனால் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்குச் சூடு குறைந்துவிடும்.

ஷவரில் குளிப்பவர்கள் இன்ஸ்டன்ட் வாங்கி ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். ஆகவே 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒரு நிமிடத்தில் 43 கிலோகலோரி வெப்பத்தைத் தரும். மார்கழிக் காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 25 டிகிரியில் இருப்பதாகவும், உடம்புக்கு இதமான 40 டிகிரிக்கு அதை ஏற்ற வேண்டும் என்பதாகவும் கொண்டால், நிமிடத்துக்கு மூன்று லிட்டருக்கும் சற்றுக் குறைவாகத்தான் அதனால் தர முடியும். ஆனால் சாதாரண ஷவரில் நிமிடத்துக்கு ஆறு முதல் பத்து லிட்டர் வரை கொட்டும். குழாயைப் பாதி மூடி, சொட்டுச் சொட்டாக விழுவதில் குளிக்கச் சம்மதமிருந்தால் இன்ஸ்டன்ட் போதும். இல்லாவிட்டால் அதை அடுப்படித் தொட்டிக்கு வைத்துக்கொண்டு, குளியலறைக்கு டேங்க் வகையை வாங்குவதே முறை.

எத்தனை லிட்டர் டேங்க் வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. ஒரு வாளியும் கைக்கடிகாரமும் இருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். ஷவரை நீங்கள் வழக்கமாகத் திறக்கும் அளவுக்குத் திறந்து, அதன் கீழே பத்து லிட்டர் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் 85 விநாடி ஆயிற்று. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஏழு லிட்டர். ஐந்து நிமிடம் தண்ணீர் ஓடினால் 35 லிட்டர் செலவாகும். ஆனால் இந்த 35 லிட்டரும் ஹீட்டரிலிருந்து வர வேண்டியதில்லை. 60 டிகிரி வெந்நீரோடு 25 டிகிரிப் பச்சைத் தண்ணீரைக் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவரும்போது, 15 லிட்டர் வெந்நீர் கணக்குப்படி 35 லிட்டர் குளிக்கும் நீராகிவிடும். கணக்கு இப்படிச் சொன்னாலும், டேங்கிலிருந்து வெந்நீர் வெளியேற வெளியேற அடியில் பச்சைத் தண்ணீர் நுழைந்து கலந்துவிடுவதால், நடைமுறையில் ஐந்தில் நான்கு பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கணக்கில் 15 லிட்டர் டேங்க் 28 லிட்டரும், 25 லிட்டர் டேங்க் ஏறத்தாழ 47 லிட்டரும் தரும்.

வாளியில் மொண்டு குளிப்பவருக்கு 18 அல்லது 20 லிட்டர் தாராளம் என்பதால், அத்தகைய வீட்டுக்கு 15 லிட்டர் டேங்க் போதும். ஒருவர் குளித்து முடித்த பிறகு சற்றுப் பொறுத்து அடுத்தவர் போகலாம். ஷவர்தான் வேண்டும் என்றால் 25 லிட்டருக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. 2 கிலோவாட் காயில் 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றப் பதினெட்டு நிமிடமும், 25 லிட்டரை ஏற்ற அரைமணி நேரமும் எடுக்கும். மின்செலவு முறையே 0.6 யூனிட்டும் ஒரு யூனிட்டும்தான். நான்கு பேருள்ள வீட்டில் நாளுக்கு மூன்று யூனிட் என்றாலும், இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 180 யூனிட் ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் மேல்தொட்டித் தண்ணீரே கையைச் சுடும் என்பதால், இந்தச் செலவு ஆண்டு முழுவதற்கும் இல்லை.

தண்ணீர்

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையைப் பற்றி அந்த ஊர்க்காரர்கள் பெருமை பேசாத நாளில்லை. அங்கிருந்து சில மைல் தள்ளி வேறொரு ஊரில் போர் போட்டால், சோப்பு நுரைக்காத சவர்த் தண்ணீர் வரக்கூடும். ஊருக்கு ஊர் மட்டுமன்றி, ஒரே தெருவில் வீட்டுக்கு வீடும் மாறும். முன்னோர்கள் குடிக்கவும் சமைக்கவும் ஊருணித் தண்ணீரை நம்பியதற்கும், மழை பெய்யும்போது வளவு என்னும் உள்முற்றத்தின் கூரையோரம் அண்டா குண்டாவை வரிசையாக வைத்துப் பிடித்ததற்கும் காரணம் உண்டு. மழைநீரில் சுண்ணாம்பு இல்லை.

தண்ணீரின் கடினத்தன்மை என்பது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு. அவற்றில் பைகார்பனேட் வடிவில் இருப்பவை, தண்ணீர் சூடாகும்போது உடைந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகின்றன. தண்ணீரிலேயே மிகச் சூடான இடம் காயிலின் மேற்பரப்பு என்பதால், படிவதும் அங்கேதான் முதலில். இந்தப் படிவம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் காயில் உள்ளே தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் மேலும் மேலும் காய்ந்து, ஒருநாள் எரிந்துபோகிறது. ஆத்தா கேட்ட சோளம் பொரியும் ஓசை, படிவத்தின் அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்துக் குமிழிகளாக வெடித்த ஓசை. அந்த ஓசை கேட்கத் தொடங்கியதுமே காயிலைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் அது தப்பியிருக்கும்.

உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை அறியும் முதற்கட்டச் சோதனையை நம் அடுப்படிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. துவரம்பருப்பு வேக மறுக்கிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளை ஏடு படிகிறதா, ஷவரின் துளைகள் ஆறு மாதத்தில் அடைத்துக்கொள்கின்றனவா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடைக்கு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். சொட்டு மருந்துபோல் விட்டு நிறமாற்றம் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. இந்தியத் தர நிர்ணயம் குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. அது குடிநீருக்கான அளவுகோல்தான். ஆனால் 200ஐத் தாண்டும்போதே ஹீட்டரின் காயில் அதை உணரத் தொடங்கிவிடும். குடிநீர் வடிகட்டி விற்க வருபவர் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்லுமே தவிர, அவற்றில் எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்லாது.

சவர்த் தண்ணீர்தான் வருகிறது என்றால் செய்ய வேண்டிய முதல் காரியத்துக்குக் காசு செலவில்லை: சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திருகைக் குறைத்து வையுங்கள். சூடு ஏற ஏறப் படிவம் வேகமாகச் சேரும். 75 டிகிரியில் ஓடும் ஹீட்டரைவிட 50 டிகிரியில் ஓடும் ஹீட்டரில் படிவு நன்றாகவே குறையும். ஆனால் சூட்டைக் குறைத்தால் கலக்கும் கணக்கும் மாறிவிடுகிறது. 50 டிகிரியில் 15 லிட்டர் டேங்க் கணக்குப்படி 25 லிட்டர் குளிக்கும் நீரையே தரும். நடைமுறையில் அது ஒரு வாளிதான். அதனால்தான் கடினநீர் உள்ள வீட்டுக்கு, ஆள் குறைவாக இருந்தாலும், ஒரு படி பெரிய டேங்கை வாங்கிக் குறைந்த சூட்டில் ஓட்டும்படி நான் எல்லோரிடமும் சொல்கிறேன். குறைக்கிறேன் என்று 50 டிகிரிக்குக் கீழேயும் போய்விடக் கூடாது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் நோய்க் கிருமி வளரும். வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றி இறக்குவது அதற்குக் காப்பு. 60 டிகிரி நீர் ஐந்தே விநாடியில் தோலைப் புண்ணாக்கிவிடும் என்பதால், குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் அன்றைக்குக் கவனம் வேண்டும்.

காயிலின் உறை எந்த உலோகம் என்பதும் கேட்டறிய வேண்டிய செய்தி. செம்பு உறை சூட்டை நன்றாகக் கடத்தும், விலையும் குறைவு. ஆனால் சவர்த் தண்ணீரில் அது சீக்கிரம் தளர்ந்துவிடும். நிக்கல், குரோமியம், இரும்பு கலந்த இன்கலாய் என்னும் உறையும், கண்ணாடிப் பூச்சு இட்ட உறையும் கடினநீரைக் கூடுதலாகத் தாங்கும். தாங்கும் என்றால் படியாது என்று பொருளில்லை. எந்தக் காயிலாக இருந்தாலும் நம் போர் தண்ணீரில் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

டேங்கும் அதற்குள் இருக்கும் தியாகியும்

காயில் போனால் மாற்றிவிடலாம். டேங்க் ஓட்டையானால் ஹீட்டரையே மாற்ற வேண்டும். எனவே நம்பகம் என்ற சொல்லுக்கு முதலில் டேங்கைத்தான் பார்க்க வேண்டும். இன்று சந்தையில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்று துருப்பிடிக்காத எஃகு எனப்படும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க். மற்றொன்று சாதாரண எஃகின் உட்புறத்தில் 800 டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு ஏற்றிய கண்ணாடிப் பூச்சு கொண்ட டேங்க்; கடையில் கிளாஸ் லைன்ட் என்பார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றதும் அடுப்படிப் பாத்திரத்தை நினைத்து அதுவே மேல் என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். நல்ல தண்ணீருக்கு அது சரிதான். ஆனால் தண்ணீரில் குளோரைடு, அதாவது உப்புக்கரிப்பு, அதிகமாக இருந்தால், சூடான நிலையில் அது எஃகில் ஊசிமுனைத் துளைகளை அரித்துவிடும். அதிலும் வெல்டிங் வைத்த ஓரங்களில்தான் முதலில் அரிக்கும். உப்புக்கரிக்கும் போர் தண்ணீருக்குக் கண்ணாடிப் பூச்சு டேங்கே என் தேர்வு.

அந்தக் கண்ணாடிப் பூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கத்தான் செய்யும். அங்கே எஃகு துருப்பிடிக்காமல் காப்பது, டேங்கின் உள்ளே செருகியிருக்கும் மக்னீசியத் தண்டு. இதை ஆனோடு ராடு என்கிறார்கள். இரும்பைவிட மக்னீசியம் எளிதில் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் உலோகம். இரண்டும் ஒரே நீரில் தொடர்போடு இருக்கும்போது அரிப்பு முழுவதையும் மக்னீசியம் தன்மேல் வாங்கிக்கொண்டு கரைந்துபோகும். அது மிச்சமிருக்கும்வரை இரும்பு பிழைத்திருக்கும். இந்த வித்தை நம் பகுதிக்கு அந்நியமானது அன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிமானத்தையும் அதைத் தடுக்கும் வழிகளையும் தன் முக்கியத் துறைகளில் ஒன்றாக ஆராய்ந்துவருகிறது. கப்பலின் அடிப்பகுதியையும் நிலத்தடிக் குழாய்களையும் காக்கும் அதே தத்துவம்தான், குளியலறைச் சுவரில் தொங்கும் பெட்டிக்குள் ஒரு முழம்கூட இல்லாத தண்டாக இருக்கிறது.

தண்டு கரைந்து தீர்ந்த பிறகு அரிப்பு எஃகின்மேல் திரும்பும். ஆகவே ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; உப்புத் தண்ணீரானால் ஆண்டுதோறும் பார்ப்பது நல்லது. பென்சில் பருமனுக்கு இளைத்திருந்தாலோ, உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். ஹீட்டரின் விலையோடு ஒப்பிட்டால் தண்டின் விலை அற்பம். இத்தனை எளிய வேலையைச் செய்யச் சொல்லி எந்த விற்பனையாளரும் என்னிடம் இதுவரை வாய் திறந்ததில்லை. வாங்கும்போதே, ஆனோடு ராடு எங்கே இருக்கிறது, அதைத் தனியாகக் கழற்ற முடியுமா, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உதிரியாகக் கிடைக்குமா என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் அடுத்த கடைக்குப் போகலாம். உத்தரவாதச் சீட்டையும் அங்கேயே வாங்கிப் படித்துவிடுங்கள். டேங்குக்கு ஏழு ஆண்டு என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, தண்ணீரின் கடினத்தன்மை இத்தனைக்கு மேல் இருந்தால் பொருந்தாது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கக்கூடும்.

வயரிங்

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்குப் பட்டை அடித்து அதன்மேல் வயர் ஓட்டிய காலத்து வயரிங் இன்னும் சில கட்டுகளில் இருக்கிறது. பல்பும் மின்விசிறியும் ஓடுவதற்காகப் போட்டவை அவை. எர்த் வயர் என்ற ஒன்றே அவற்றில் இருக்காது. 2 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியரும், 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியரும் இழுக்கும். இதை 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால், முதல் வாரம் பிளக் சுடும், அடுத்த வாரம் உருகும். ஹீட்டருக்கென்று மெயின் பெட்டியிலிருந்து தனி வயர், மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி., குளியலறைக்கு வெளியே இரண்டு கம்பியையும் துண்டிக்கும் டி.பி. சுவிட்ச் ஆகியவை வேண்டும். வயர் 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 3 கிலோவாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் ஹீட்டரே மாட்ட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. காயிலின் உறை விரிசல் கண்டு மின்சாரம் தண்ணீரில் கசியும்போது, கசிவை உணர்ந்து இணைப்பைக் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது ஆர்.சி.சி.பி.தான். அதன்மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். எர்த் குழி கோடையில் காய்ந்து கட்டாந்தரையாகிவிட்டால் எர்த் இருந்தும் பயனில்லை என்பதால், அதில் தண்ணீர் ஊற்றுவதும் வீட்டு வேலைகளில் ஒன்று. வயரிங் பழையது என்றால், எர்த்தைச் சரிபார்க்கும்வரை சுவிட்சை அணைத்துவிட்டே குளியுங்கள்.

மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டர் கெட்டுவிடுமோ என்று சிலர் ஸ்டெபிலைசர் தேடுகிறார்கள். தேவையில்லை. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால், 2 கிலோவாட் காயில் 1.2 கிலோவாட்டாகச் சுருங்கும். பதினெட்டு நிமிடத்தில் ஆகும் வேலைக்கு அரைமணி நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

சொட்டும் வால்வு

உறவினர் வீட்டு ஆச்சி ஒருவர், ஹீட்டரின் அடியிலுள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று மரக்கட்டையைச் சீவி அதில் இறுக்கிச் செருகி, மேலே துணியும் சுற்றி வைத்திருந்தார். சிக்கனமான கை. அதைப் பார்த்த பிளம்பர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஆச்சி, முதல்ல சுவிட்ச அமத்துங்க" என்றார். 28 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடாகும்போது தண்ணீர் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு விரியும். 15 லிட்டரில் அது ஒரு டம்ளருக்கும் மேல். அந்தக் கூடுதல் தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போகாதபடி தடுக்கும் வால்வு இருக்கும்போது, வேறு வழியின்றி அழுத்தம் ஏறும். அதை வெளியே விடுவதற்காக வைத்ததுதான் அந்தச் சொட்டு. சூடாகும் நேரத்தில் சில சொட்டு விழுவது இயல்பு; நாள் முழுதும் ஓடினால்தான் கோளாறு. தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதிக்கும் நிலைக்குப் போனால், மின்சாரத்தை நிறுத்தும் தெர்மல் கட்அவுட் முதல் காவல், இந்த வால்வு கடைசிக் காவல். இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கி, வால்வின் வாயில் சிறு குழாய் ஒன்றை மாட்டித் தரைவரை இறக்கிவிட்டால் சொட்டுவது யார் கண்ணையும் உறுத்தாது.

டேங்க் எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்று விளம்பரங்கள் பெரிதாகப் பேசும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்பது கணக்கு. மச்சில் தொட்டி வைத்த வீட்டின் தரைத்தளத்தில் அரை பாருக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஷவருக்காகப் பிரஷர் பம்ப் மாட்டியவர்களுக்கும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குமே 8 பார் என்ற எண் அவசியம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; டேங்க் வகைக்கு ஐ.எஸ். 2082 என்ற எண்ணைத் தேடுங்கள். மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரச் சீட்டில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணாமல், 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் வெப்பம் வீணாகிறது என்று போட்டிருக்கும் எண்ணை ஒப்பிடுங்கள். காலையில் ஒருமுறை போட்டு உடனே குளித்து அணைத்துவிடும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

மாட்டும் இடம்

தண்ணீர் நிரம்பிய 25 லிட்டர் ஹீட்டர் ஒரு சிமெண்டு மூட்டைக்குச் சற்றே குறைந்த கனம். பழைய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காகத் தடித்திருக்கும். ஆங்கர் போல்ட் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கியிருக்க வேண்டும். செங்கல் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால், போல்ட்டைக் காரை இணைப்பில் அடிக்காமல் கல்லின் நடுவில் துளைக்கச் சொல்லுங்கள். முகப்பிலிருந்து பின்கட்டுவரை தெருவுக்குத் தெரு நீளும் வீடுகளில், ஒரே ஹீட்டரை வைத்து இரண்டு கட்டுக் குளியலறைகளுக்கும் குழாய் இழுக்க ஆசைப்பட வேண்டாம். அரை அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஒரு டம்ளருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் தங்கும். பதினைந்து மீட்டர் இழுத்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டர் ஆறிய தண்ணீர் போன பிறகே வெந்நீர் வரும். வெந்நீர்க் குழாய் சி.பி.வி.சி. ஆக இருக்கட்டும், சாதாரண பி.வி.சி. 60 டிகிரியில் இளகித் தொய்ந்துவிடும்.

பூட்டியே கிடக்கும் வீட்டு ஹீட்டருக்குத் தனிக் கவனம் வேண்டும். பங்காளி வீட்டில் பிள்ளையார் நோன்பன்று விடியற்காலையில் வீட்டைத் திறந்து, நோன்பின் சடங்கான இழை எடுப்பதற்குள் எல்லோரும் குளித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், மோட்டார் போடுவதற்கு முன்பே ஒருவர் ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டார். போன முறை பூட்டும்போது வடித்துவைத்த டேங்க் அது. தண்ணீரில்லாமல் காய்ந்த காயில் சில நிமிடத்தில் கருகி, அன்றைக்குப் பின்கட்டில் விறகடுப்பு மூட்டிக் கிடாரத்தில்தான் வெந்நீர் வைக்க வேண்டியதாயிற்று. வடித்துவைத்தது தவறில்லை, மாதக்கணக்கில் தேங்கிய தண்ணீரில் மக்னீசியத் தண்டோடு கிருமிகள் சேர்ந்து அழுகிய முட்டை நாற்றத்தை உண்டாக்கும் என்பதால், பூட்டும்போது வடிப்பதே முறை. வடித்த பிறகு எம்.சி.பி.யையும் அணைத்து, சுவிட்சின்மேல் "டேங்க் காலி" என்று ஒரு சீட்டை ஒட்டிவிடுங்கள். திரும்ப வந்து திறக்கும்போது, மேல்தொட்டியை நிரப்பி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, முதலில் வரும் காற்றும் துப்பலும் பழுப்பு நீரும் போய்த் தண்ணீர் இடைவிடாமல் தெளிவாக விழும்வரை பொறுத்திருந்து, குழாயை மூடிய பிறகு சீட்டைக் கிழித்துச் சுவிட்சைப் போடுங்கள்.